இரண்டு மில்லிமீட்டர் பூவுக்குள்: டாமரிக்ஸ் செடிகளை இனம் காணும் முழு வழிகாட்டி

அரிசோனாவில் கீலா ஆற்றங்கரைக்கு மே மாதம் போனால், இரண்டு கரையிலும் இளஞ்சிவப்புப் பூச்சரங்களைத் தொங்கவிட்டபடி புதர்கள் அடர்ந்து நிற்கும். உள்ளூர்க்காரர்கள் 'சால்ட் சீடார்' என்பார்கள். தாவரவியல் பெயர் டாமரிக்ஸ். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே செடிதான். பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் பெரும்பாலும் அப்படித்தான் தோன்றும்.

அந்தக் கரையிலும் அதைச் சுற்றியுள்ள மாநிலங்களிலும் வளர்பவை ஒரே ஊர்ச் செடிகள் அல்ல. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து அழகுக்காகவும், காற்றைத் தடுக்கவும், கரை அரிக்காமல் இருக்கவும் பல இடங்களிலிருந்து கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். டாமரிக்ஸ் பேரினத்தின் சிற்றினங்களில் பார்விஃப்ளோரா கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்தது. காலிகா, கானரியென்சிஸ், ஆஃப்ரிகானா மூன்றும் மேற்கு மத்தியதரைப் பக்கத்தவை. அஃபில்லா சகாராவிலிருந்து அரேபியா வழியாகப் பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா வரை பரவிய மரம். ராமோசிஸிமாவின் தாயகம் மேற்கு ஆசியாவும் நடு ஆசியாவும். சைனென்சிஸ் கிழக்கு ஆசியாவுக்குரியது. ஏழு ஊர்க்காரர்கள் ஒரே தெருவில் குடியிருப்பது போன்ற நிலைமை. அதனால்தான் இந்த வழிகாட்டிக்கு அமெரிக்கத் தென்மேற்கை எடுத்துக்கொண்டேன். அங்கே இந்த ஏழையும் பிரித்துப் பழகிவிட்டால் கை பழகிவிடும். அப்புறம் ராஜஸ்தானிலோ வளைகுடா நாடுகளிலோ இந்தச் செடியைப் பார்த்தாலும் எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பூவைப் பிரித்துப் பார்க்காமல் வேறு வழி இல்லையா என்று கேட்கலாம். இலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் செதில். ஒரு விஷயத்தைத் தவிர வேறு எதையும் அது தெளிவாகச் சொல்லாது. பூவின் நிறம் ஒரே சிற்றினத்துக்குள்ளேயே வெளுப்பிலிருந்து கரும் இளஞ்சிவப்பு வரை மாறும். உயரத்தைத் தீர்மானிப்பது நிலத்தடி நீரும் செடியின் வயதும். பெயரை வைத்தும் முடிவுக்கு வர முடியாது. 'பார்விஃப்ளோரா' என்றால் சிறிய பூ என்று பொருள். நான் ஒரு வருடம் முழுக்கச் சிறிய பூ கண்ட செடிக்கெல்லாம் அந்தப் பெயரை எழுதி வைத்திருந்தேன். உண்மையில் பார்விஃப்ளோராவின் இதழ் சுமார் 2 மி.மீ.; ராமோசிஸிமாவின் இதழ் அதைவிடச் சிறியது, 1 முதல் 1.8 மி.மீ. வரைதான். அத்தனை குறிப்புகளையும் மறுபடி எழுத வேண்டியிருந்தது.

1978-இல் பெர்னார்ட் பாம் என்ற தாவரவியலாளர் இந்தப் பேரினம் முழுவதையும் ஆராய்ந்து 54 சிற்றினங்களை ஏற்றுக்கொண்டார். அவர் பெரிதும் நம்பியது பூவின் நடுவில் இருக்கும் தேன்தட்டையும் அதில் மகரந்தக் கம்பிகள், அதாவது மகரந்தத்தாள்களின் காம்புகள், நிற்கும் இடத்தையும். இந்த வழிகாட்டியும் அந்தத் தட்டை நோக்கித்தான் போகிறது.

முதலில், இது டாமரிக்ஸ்தானா?

தமிழ்நாட்டில் வளர்ந்த கண்ணுக்கு அஃபில்லா மரம் அப்படியே சவுக்கு மரம்தான். நம் ஊரில் டாமரிக்ஸையே 'ஆற்றுச்சவுக்கு' என்று சொல்வது உண்டு. பிரிப்பது சுலபம். சவுக்கின் ஊசிக் கிளையைக் கணுவில் பிட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு கணுவிலும் பல சின்னப் பற்கள் வட்டமாக நிற்கும். டாமரிக்ஸில் ஒரு கணுவுக்கு ஒரே ஒரு இலை. சவுக்குப் பூவுக்கு இதழ் கிடையாது, காய் கட்டையான சிறு கூம்பு. டாமரிக்ஸ் பூவுக்கு இதழ் உண்டு. காய் வெடித்து, பஞ்சுக் குஞ்சம் கட்டிய தூசி போன்ற விதைகள் பறக்கும். இன்னொன்று, டாமரிக்ஸ் இலையில் உப்புச் சுரப்பிகள் இருக்கின்றன. காலை நேரத்தில் கிளையை நாக்கில் தொட்டால் கரிக்கும்.

இமயமலைப் பக்கம், லடாக் போன்ற இடங்களில், மிரிக்காரியா என்ற உறவுக்காரச் செடி குழப்பும். அதற்கு மகரந்தத்தாள் பத்து இருக்கும். அவற்றின் கம்பிகள் அடியில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குழாய் போலிருக்கும். டாமரிக்ஸில் கம்பிகள் தனித்தனி. விதைக் குஞ்சத்திலும் வித்தியாசம் உண்டு: மிரிக்காரியா விதையில் குஞ்சத்துக்கு ஒரு காம்பு இருக்கும், டாமரிக்ஸில் குஞ்சம் விதையின் நுனியிலேயே உட்கார்ந்திருக்கும்.

பெயர் ஒலியைக் கேட்டுப் புளியமரத்தோடு சேர்த்து எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். புளியின் ஆங்கிலப் பெயர் அரபியின் 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை, என்பதிலிருந்து வந்தது. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை.

எதை, எப்படிப் பறிப்பது

நுனிக் கிளையை மட்டும் ஒடித்துக்கொண்டு வந்தால் பாதித் தகவல் மரத்திலேயே நின்றுவிடும். பூச்சரம் போன வருடக் கட்டைக் கிளையிலிருந்து வந்ததா, இந்த வருடத்துப் பச்சைக் கிளையிலிருந்து வந்ததா என்பது தெரியும்படி கிளையை நீளமாக வெட்டுங்கள். மொட்டு, அன்று விரிந்த பூ, இதழ் வாடிய பழைய பூ மூன்றும் அதில் இருக்க வேண்டும். பழைய பூ எதற்கு என்றால், சில சிற்றினங்களில் காய் பிடித்த பிறகும் இதழ் ஒட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் உதிர்ந்துவிடும். காய் வெடித்திருந்தால் கிளையை மூடிய பைக்குள் போட்டு எடுத்துவாருங்கள். இந்தச் செடி பரவாமல் இருக்கப் பாடுபடும் இடங்களில் விதையை நாமே சுமந்து போய் வேறு கரையில் கொட்டிவிடக் கூடாது.

தேவையான கருவிகள் குறைவு. 10 மடங்கு கைலென்ஸ் இருந்தால் இதழ், இதழுக்கு வெளியே சுற்றி நிற்கும் புல்லி வரை வேலை நடக்கும். தேன்தட்டுக்கு 20 மடங்கு வேண்டும். கூரான சாமணம் ஒன்று, தையல் ஊசி இரண்டு, மில்லிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத் தாள், ஒரு கறுப்புக் காகிதம். வெளிர்ந்த பூவைக் கறுப்புக் காகிதத்தின் மேல் வைத்தால்தான் விளிம்புகள் தெரியும். கைப்பேசியின் மேக்ரோ கேமரா லென்ஸுக்கு மாற்று ஆகாது, ஆனால் பார்த்ததைப் படமாக வைத்துக்கொள்ள உதவும்.

பூவைப் பறித்த அன்றே பார்த்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் சில பூக்களை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு வையுங்கள். காய்ந்த மாதிரியைப் பார்க்க நேர்ந்தால், சுடுதண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுப் பூவைச் சில நிமிடம் ஊற வையுங்கள். சுருங்கிய பாகங்கள் விரிந்து கொடுக்கும்.

இலையிடம் ஒரே ஒரு கேள்வி

இலையின் அடிப்பகுதி கிளையை முழுக்கச் சுற்றி உறைபோல மூடியிருக்கிறதா? ஆம் என்றால் அமெரிக்கத் தென்மேற்கில் அது அஃபில்லா. கிளை கணுக்கணுவாகப் பிரிந்தது போலவும், இலையே இல்லாதது போலவும் தெரியும். உறை இல்லாமல், குறுகிய அடியோடு செதில்செதிலாக அடுக்கியிருந்தால் மற்ற ஆறில் ஒன்று. இலையின் பங்கு இவ்வளவுதான்.

பூச்சரம் எங்கிருந்து வருகிறது

அடுத்தது பூச்சரம். கட்டையான, பட்டை கறுத்த பழைய கிளையில் நேரடியாக முளைத்திருந்தால் அது வசந்தகாலப் பூப்பு. பார்விஃப்ளோராவும் ஆஃப்ரிகானாவும் இப்படித்தான் பூக்கும். இலை சரியாக விரியும் முன்பே கிளை முழுக்கப் பூவாகிவிடும். புதுப் பச்சைக் கிளையின் நுனியில் பல சரங்கள் கூட்டாகக் கிளைத்திருந்தால் கோடைப் பூப்பு. ராமோசிஸிமா, சைனென்சிஸ், காலிகா, கானரியென்சிஸ் இந்த வகையில் வரும். அஃபில்லா இன்னும் தாமதித்து, கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் பூக்கும்.

இதை முடிவாக வைத்துக்கொள்ளாதீர்கள். சைனென்சிஸும் ராமோசிஸிமாவும் வசந்தத்தில் பழைய கிளையிலும், கோடையில் புதுக் கிளையிலும் இரண்டு முறை பூக்கக் கூடியவை. பூச்சரம் ஒரு சந்தேகத்தை மட்டும் எழுப்பும். தீர்ப்பைப் பூவிடம்தான் கேட்க வேண்டும்.

சரத்தின் அகலத்தையும் அளந்து வையுங்கள். ராமோசிஸிமாவின் சரம் ஒல்லி, 3 முதல் 4 மி.மீ. சைனென்சிஸ் 5 முதல் 7 மி.மீ. ஆஃப்ரிகானா 5 முதல் 9 மி.மீ. வரை, தடித்த சரம். காலிகாவும் அஃபில்லாவும் 4, 5 மி.மீ. அளவில் நடுவில் நிற்கும்.

நான்கா, ஐந்தா

இப்போது பூவைத் தொடலாம். ஒரு பூவைக் காம்போடு எடுத்து மேலிருந்து பாருங்கள். புல்லிகளையும் இதழ்களையும் மகரந்தத்தாள்களையும் தனித்தனியாக எண்ணுங்கள். எல்லாம் நான்கு நான்காக இருந்தால் ஏழில் அது பார்விஃப்ளோரா. மற்ற ஆறும் ஐந்தைந்து.

ஒரு பூவை எண்ணிவிட்டு நின்றுவிடக் கூடாது. ஐந்திதழ்ச் செடிகள் வசந்தத்தில் பூக்கும்போது நடுநடுவே நான்கிதழ்ப் பூவையும் போட்டுவிடும். பார்விஃப்ளோராவிலும் எப்போதாவது ஐந்து புல்லி வரும். குறைந்தது பத்துப் பூக்களை, வேறு வேறு சரங்களிலிருந்து எடுத்து எண்ணி, பெரும்பான்மை எது என்று பாருங்கள்.

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்க நூல்கள் ஐந்து மகரந்தத்தாள் கொண்ட செடிகளைப் பெரும்பாலும் 'பென்டாண்ட்ரா' என்ற ஒரே பெயரில் போட்டுவைத்தன. அந்தச் சொல்லுக்குப் பொருளே ஐந்து மகரந்தத்தாள் என்பதுதான். எண்ணிக்கையோடு நின்றுவிட்டால் பல சிற்றினங்கள் ஒரே கூடைக்குள் விழும் என்பதற்கு அது நல்ல சான்று. 1967-இல் பாம்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறிய டாமரிக்ஸ்களை எட்டுச் சிற்றினங்களாகப் பிரித்துக் காட்டினார்.

பூவடிச் செதில், புல்லி, இதழ்

ஒவ்வொரு பூக்காம்பின் அடியிலும் ஒரு சிறு செதில் இருக்கும். அதுதான் பூவடிச் செதில். அது காம்பைவிட நீளமா, புல்லியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். பார்விஃப்ளோராவில் இது கண்ணாடிபோல ஒளி ஊடுருவும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நன்றாகத் தெரியும். கானரியென்சிஸில் பூவடிச் செதில் நீண்டு புல்லியையும் தாண்டும். அதோடு பூச்சரத்தின் நடுத்தண்டில் சின்னச் சின்னக் கொப்புளம் போன்ற புடைப்புகள் இருக்கும். காலிகாவின் தண்டு வழுவழுப்பாக இருக்கும்.

புல்லிகளை ஒவ்வொன்றாகச் சாமணத்தால் கழற்றிக் கறுப்புக் காகிதத்தில் வரிசையாக வையுங்கள். ஐந்தில் இரண்டு வெளியே, மூன்று உள்ளே இருக்கும். வெளிப் புல்லியும் உள் புல்லியும் ஒரே வடிவமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் ஐந்தையும் பார்க்க வேண்டும். விளிம்பில் நுண்ணிய பற்கள் இருந்தால் ராமோசிஸிமா அல்லது கானரியென்சிஸ் பக்கம். இரண்டில் கானரியென்சிஸின் பற்கள் ஆழமானவை. விளிம்பு மழமழவென்று இருந்தால் சைனென்சிஸ் அல்லது காலிகா.

இதழ்களையும் அப்படியே கழற்றுங்கள். இதழின் மிக அகலமான இடம் எங்கே என்பதுதான் கேள்வி. நுனிப் பக்கம் அகன்று அடியில் குறுகினால் தலைகீழ் முட்டை வடிவம்: ராமோசிஸிமா, கானரியென்சிஸ். அடியிலோ நடுவிலோ அகலமாக இருந்தால் முட்டை அல்லது நீள்வட்டம்: சைனென்சிஸ், காலிகா. இதழ் 2 மி.மீ.க்கு மேல் 3 மி.மீ. வரை நீண்டு, வசந்தத்தில் பழைய கிளையில் பூத்திருந்தால் ஆஃப்ரிகானாவைச் சந்தேகியுங்கள்.

முதலில் பறித்த பழைய பூ இங்கேதான் உதவும். ராமோசிஸிமாவிலும் சைனென்சிஸிலும் காய் வளரும்போதும் இதழ்கள் விழாமல் சுற்றி நிற்கும். காலிகாவிலும் கானரியென்சிஸிலும் அஃபில்லாவிலும் உதிர்ந்துவிடும்.

தேன்தட்டு

புல்லியும் இதழும் போன பிறகு மீதி இருப்பது நடுவில் கூஜா போன்ற சூற்பை, அதைச் சுற்றி மகரந்தத்தாள்கள், அவற்றின் காலடியில் ஒரு சிறு தட்டு. தேன் சுரப்பது இந்தத் தட்டில்தான். பெரும்பாலும் செந்நிறமோ ஊதாவோ கலந்து, நாற்புறமும் மடல் மடலாக நீட்டிக்கொண்டிருக்கும். மொத்த அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அன்று விரிந்த பூவில், மகரந்தம் கொட்டும் முன், மிகத் தெளிவாகத் தெரியும். வயதான பூவில் மடல்கள் சுருங்கிவிடும். அப்போது எல்லாச் சிற்றினமும் ஒன்றாகத்தான் தெரியும்.

இங்கே அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாப் படிகளுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்ட நேரத்தை இந்த ஒரு படிக்குக் கொடுக்கலாம். கேட்க வேண்டியவை இரண்டு.

முதல் கேள்வி: மகரந்தக் கம்பி தட்டின் மடலிலிருந்தே வருகிறதா, இரண்டு மடல்களுக்கு நடுவே உள்ள பள்ளத்திலிருந்து வருகிறதா?

உங்கள் கையை விரித்துப் பாருங்கள். உள்ளங்கை அகலமாக ஆரம்பித்து, விரலாகக் குறுகி நீள்கிறது. எங்கே உள்ளங்கை முடிந்து எங்கே விரல் தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. சில டாமரிக்ஸ்களில் தட்டின் மடல் இப்படித்தான் மெல்ல மெல்லக் குறுகி மகரந்தக் கம்பியாகவே மாறிவிடும். பாம் இதற்கு 'சின்லோஃபிக்' என்று பெயரிட்டார். பார்விஃப்ளோரா, காலிகா, கானரியென்சிஸ் ஆகியவை இந்த வகை.

இனி இரண்டு விரலுக்கு நடுவே ஒரு குச்சியைச் செருகுங்கள். விரல்கள் தனி, குச்சி தனி. மடல்களும் கம்பிகளும் மாறி மாறி நிற்கும் இந்த அமைப்பு 'ஹோலோலோஃபிக்'. அஃபில்லாவில் இது தெளிவாகத் தெரியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வடிவங்களும் உண்டு. மடல் பாதி பிளந்தும் பாதி கம்பியோடு சேர்ந்தும் இருக்கும். அப்படி ஒரு பூ கிடைத்தால் அதே செடியின் இன்னும் பத்துப் பூக்களைப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: கம்பி தட்டின் விளிம்பிலிருந்து கிளம்புகிறதா, தட்டின் அடியிலிருந்து கிளம்புகிறதா?

திரும்பவும் கை. கையைத் தட்டையாக நீட்டி, குச்சியை உள்ளங்கைக்கு அடியிலிருந்து இரண்டு விரல்களின் இடைவெளி வழியாக மேலே எட்டிப் பார்க்க வையுங்கள். மேலிருந்து பார்ப்பவருக்குக் குச்சி விரல்களுக்கு நடுவே இருப்பதாகத் தெரியும். அது அடியிலிருந்து வருகிறது என்பது பக்கவாட்டில் பார்த்தால்தான் புரியும். ராமோசிஸிமாவில் ஐந்து கம்பிகளும் இப்படித் தட்டின் அடியிலிருந்து வருகின்றன. சைனென்சிஸில் எல்லாமுமோ சிலவோ அடியிலிருந்து வரும். அதனால்தான் மேலிருந்து மட்டும் பார்த்துவிட்டுக் குறிப்பெழுதினால் தவறு நேர்கிறது.

பக்கவாட்டில் பார்க்க நான் செய்வது இது. சூற்பையின் மேல்பாதியை ஊசியால் வெட்டிவிட்டு, பூவை ஒரு சொட்டுத் தண்ணீரில் சாய்த்து வைப்பேன். அப்புறம் ஒரே ஒரு மகரந்தத்தாளைச் சாமணத்தால் பிடித்து, மெதுவாக வெளிப்பக்கமாக இழுப்பேன். தட்டு முழுசாக அப்படியே இருந்து கம்பி மட்டும் கழன்று வந்தால், அது அடியிலிருந்தோ பள்ளத்திலிருந்தோ வந்த கம்பி. மடலும் சேர்ந்து கிழிந்து வந்தால் இரண்டும் ஒன்றாய் வளர்ந்தவை. ஒரு பூவோடு நிறுத்தாமல் நான்கைந்து பூக்களில் செய்து பார்ப்பேன். லென்ஸைப் பிடித்த கை நடுங்காமல் இருக்க இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மூச்சுக் காற்றில்கூடப் பூ பறந்துவிடும்.

சூற்பையும் சூல்தண்டும்

இங்கே சொல்ல அதிகம் இல்லை. சூற்பையின் உச்சியில் நிற்கும் சூல்தண்டு மூன்றா நான்கா என்று எண்ணுங்கள். அமெரிக்கத் தென்மேற்கின் ஏழிலும் பெரும்பாலும் மூன்றுதான். மேற்கு ஆசியாவில் டெட்ராகைனா என்ற சிற்றினத்தில் நான்கு. அதன் பெயரே அதைத்தான் சொல்கிறது.

எல்லாவற்றையும் சேர்த்தால்

உறை போன்ற இலையும், மடல்களுக்கு நடுவே நிற்கும் ஐந்து கம்பிகளும் இருந்தால் அஃபில்லா. நான்கு நான்காகப் பூ, கண்ணாடிபோன்ற பூவடிச் செதில், கம்பியாகவே மாறும் மடல்: பார்விஃப்ளோரா. இவை இரண்டும் உறுதியாகச் சொல்லக்கூடியவை. இவற்றை ஒதுக்கிவிட்டால் மீதி ஐந்தும் ஐந்திதழ்ச் செடிகள்.

ஐந்தில் பெரிய இதழும் தடித்த சரமும் வசந்தப் பூப்பும் ஆஃப்ரிகானாவைக் காட்டும். தட்டின் அடியிலிருந்து கம்பி வந்தால் ராமோசிஸிமா, சைனென்சிஸ் ஜோடி. மடலோடு கம்பி ஒன்றியிருந்தால் காலிகா, கானரியென்சிஸ் ஜோடி. முதல் ஜோடிக்குள் பற்களுள்ள புல்லியும் தலைகீழ் முட்டை இதழும் ராமோசிஸிமா. மழமழப்பான புல்லியும் முட்டை அல்லது நீள்வட்ட இதழும் சைனென்சிஸ். இரண்டாவது ஜோடிக்குள் ஆழ்ந்த பற்களும் கொப்புளத் தண்டும் கானரியென்சிஸ், இவை இல்லாதது காலிகா. இந்தக் கடைசி இரண்டையும் மரபணு வைத்துப் பிரிப்பதே கடினமாக இருக்கிறது. அதனால் 'காலிகா அல்லது கானரியென்சிஸ்' என்று எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை.

இந்தியாவிலும் வளைகுடாவிலும்

உறை இலையைக் கண்டவுடன் அஃபில்லா என்று எழுதும் பழக்கம் வட இந்திய ஆறுகளில் தவறாகிவிடும். அங்கே வெள்ளச் சமவெளிகளில் 'ஜாவ்' என்று வழங்கும் டயோயிகாவுக்கும் உறை இலைதான். பிரித்துக் காட்டுவது பூ: டயோயிகாவில் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு செடிகளில் இருக்கும். பெண் பூவில் மகரந்தம் இல்லாத வெறும் மகரந்தத்தாள்களைத்தான் காண்பீர்கள். ஆகவே பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று செடிகளிலிருந்து பூ எடுக்க வேண்டும். அஃபில்லாவின் பூவில் இரண்டு பாகமும் ஒன்றாகவே இருக்கும். வளைகுடா நாடுகளில் தோட்ட ஓரங்களில் காற்றுத்தடுப்பாக நிற்கும் பெரிய மரம் பெரும்பாலும் இந்த அஃபில்லாதான். அரபியில் 'அத்ல்' என்பார்கள். புதராக வளரும் மற்ற டாமரிக்ஸ்களுக்கு 'தர்ஃபா' என்று வேறு பெயர்.

தென்னிந்தியாவில் பாறை நிறைந்த ஆற்றுப்படுகைகளில் எரிகாய்டிஸ் கிடைக்கும். பூ பெரியது, சரம் நெருக்கமில்லாமல் தளர்ந்திருக்கும், மகரந்தத்தாள் பத்து. பத்து என்ற எண்ணிக்கை ஒன்றே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கம்பிகள் ஒட்டாமல் தனித்தனியாக இருப்பதால் மிரிக்காரியாவோடு குழம்பவும் வழியில்லை. 1803-இல் வெளியான அதன் அறிவியல் பெயரில் தாவரவியலாளர் வில்டெனோவோடு சேர்ந்து இடம்பெற்றவர் ஜோஹன் பீட்டர் ராட்லர். 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் சென்னையில் வாழ்ந்து 1836-இல் மறைந்த அதே பாதிரியார்தான். தமிழ்–ஆங்கில அகராதியால் நமக்குத் தெரிந்தவர். சொல்லையும் செடியையும் ஒரே கவனத்தோடு சேகரித்த அவரை, இந்தப் பூவைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கடலோரச் சதுப்பிலும் உப்புநிலத்திலும் இருப்பது இண்டிகா. பழைய தாவர நூல்களில் இந்தியச் செடிகளைக் 'காலிகா' என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பெயரைக் கண்டால் மத்தியதரைக் காலிகா என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கலப்பினம்: எங்கே நிறுத்துவது

எல்லாப் படியையும் சரியாகச் செய்தும் பூ எந்தப் பெயருக்கும் பொருந்தாமல் போகும். அமெரிக்கத் தென்மேற்கில் இது அடிக்கடி நடக்கும், அதற்குக் காரணமும் உண்டு. 2002-இல் ஜான் காஸ்கினும் பார்பரா ஷாலும் மரபணுவை ஆராய்ந்தபோது, அங்கே மிகப் பரவலாக இருப்பது ராமோசிஸிமாவும் சைனென்சிஸும் கலந்த கலப்பினம் என்று தெரிந்தது. ஆசியாவில் அவர்கள் பார்த்த தாயகச் செடிகளில் அந்தக் கலப்பு கிடைக்கவில்லை. அங்கே இரண்டும் தூரத்தில் வாழ்ந்தவை. அமெரிக்காவில் மனிதர்கள் பக்கத்தில் கொண்டுவந்து நட்டார்கள். அஃபில்லாவும் ராமோசிஸிமாவும் கலந்த செடிகளும் நெவாடாவில் மீட் ஏரிப் பக்கம் கிடைத்திருக்கின்றன.

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் போதும். டாமரிக்ஸ் இலையைத் தின்னும் டயோராப்டா வண்டுகளை, செடியின் பரவலைக் கட்டுப்படுத்த, 2001-இல் அமெரிக்காவில் திறந்தவெளியில் விட ஆரம்பித்தார்கள். வண்டு எந்தச் செடியைத் தின்னும், நிழலுக்காக மக்கள் வளர்க்கும் அஃபில்லாவை விட்டுவைக்குமா என்பதெல்லாம் அப்போது பெரிய கேள்விகள். செடியின் பெயர் தவறாக இருந்தால் அந்தக் கேள்விகளுக்கு வரும் விடையும் தவறாகிவிடும்.

கீலா கரையில் எடுத்த ஒரு கிளையை நான் எப்படிப் பதிவு செய்தேன் என்பதைச் சொல்கிறேன். இலையில் உறை இல்லை. சரங்கள் பச்சைக் கிளை நுனியில் கூட்டாக இருந்தன, அகலம் 4, 5 மி.மீ. பன்னிரண்டு பூக்களைப் பிரித்தேன், எல்லாமே ஐந்தைந்து. சில புல்லிகளில் நுண்பற்கள், சில முழு மழமழப்பு. இதழ் பெரும்பாலும் தலைகீழ் முட்டை, சில பூக்களில் நீள்வட்டம். கம்பிகள் எல்லாம் மடல்களுக்கு நடுவே. ஒரே பூவில் மூன்று தட்டின் அடியிலிருந்தும், இரண்டு விளிம்பின் பள்ளத்திலிருந்தும் வந்தன. காய் பிடித்த பூக்களில் இதழ் உதிரவில்லை.

இதை ராமோசிஸிமா என்று எழுதியிருந்தால் பாதிப் பூக்கள் மறுத்திருக்கும். சைனென்சிஸ் என்றால் மறுபாதி. கலப்பினத்துக்கான பெருக்கல் குறியோடு, 'டாமரிக்ஸ் ராமோசிஸிமா × சைனென்சிஸ், பூவமைப்பை வைத்து' என்று எழுதினேன். அதன் கீழே நாள், ஆறு, கரையிலிருந்து எத்தனை அடி, வாடாத பூவின் நிறம், பிரித்த பூக்கள் பன்னிரண்டு, ஒவ்வொன்றிலும் கம்பி நின்ற இடம் எல்லாவற்றையும் குறித்தேன். பிரிக்காத பூக்கள் எட்டை ஆல்கஹாலில் போட்டு, சிறு குப்பியைக் கிளையோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். மரபணுவைப் பார்க்க வசதியுள்ள ஒருவர் பின்னாளில் கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம்.